இரண்டு சாக்குக் கொழுந்தும் அறுபத்துநான்கு பேரும்

தெல்கொல்லைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் ஏழுமலை பதினேழு வருடம் கொழுந்து லொறி ஓட்டினார். அந்தப் பதினேழு வருடத்தில் தோட்டத்துப் பாதையில் அவர் எந்த வாகனத்துக்கும் ஒதுங்கிக் கொடுத்ததில்லை. அது கர்வம் அல்ல. தோட்டத்தில் விதி அப்படி.

பாதை ஒரு லொறி அகலம்தான். மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் நிறுத்து ஏற்றிய கொழுந்து சாக்குக்குள் நெரிபட்டுக் கிடக்கும். நேரம் போகப் போகச் சூடேறும். சூடேறினால் சிவக்கும். சிவந்த கொழுந்தில் நல்ல தூள் வராது. ஆகவே ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஏழுமலை ஒரு நீள ஹோர்ன், இரண்டு குட்டை ஹோர்ன் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் டிரக்டர் ஒதுங்கும், மோட்டார் சைக்கிள் பாதையோரக் கானுக்குள் இறங்கும், துரையின் ஜீப்கூடப் பின்னால் போய் இடம் கொடுக்கும். புதிதாக வந்த சின்னத்துரை ஒருவர் ஒதுங்காமல் நின்றபோது, பெரியதுரையே வந்து, "கொழுந்து வருது, தெரியலியா?" என்று தமிழில் திட்டினார்.

அதே லொறியில் ஒரு நாள், பிரசவ வலி கண்ட பெண்ணொருத்தியைச் சாக்குகளுக்கு நடுவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் ஏழுமலை. மறுநாள் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கொழுந்து லொறியில் ஆள் ஏற்றக் கூடாதாம். அந்தக் கடிதத்தை அவர் கிழித்துப் போடவில்லை. மடித்து, லைசன்ஸ் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். எதற்கு என்று அப்போது அவருக்கே தெரியாது.

பிறகு கம்பனி போக்குவரத்தை வெளியாருக்குக் கொந்தராத்தில் கொடுத்தது. ஏழுமலைக்கு வேலை போனது. பலாங்கொடைப் பக்கத்து முதலாளி சுதாகரன் தோட்டத்து ரூட்டில் பஸ் ஒன்று விட்டிருந்தார். அதன் ஸ்டியரிங் ஏழுமலையின் கைக்கு வந்தது. காலை ஐந்து ஐம்பதுக்கு மேல் டிவிசனில் புறப்பட்டு, ஆறே முக்காலுக்கு மில்லஹின்னைப் பாலத்தை அடைந்து, ஆறு ஐம்பத்திரண்டுக்கு மில்லஹின்னை பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். ஏழு மணிக்கு அங்கிருந்து இரத்தினபுரி பஸ் புறப்படும்.

மலையிலிருந்து பாலம் வரைக்கும் பஸ் நேரத்துக்கு வந்துவிடும். மழையிலும் வரும், பனியிலும் வரும், ஒருமுறை மண் சரிந்திருந்தபோதுகூடப் பதினைந்து நிமிடம்தான் தாமதம். பாலத்திலிருந்து நிலையம் தொள்ளாயிரம் மீற்றர். அந்தத் தொள்ளாயிரம் மீற்றரைக் கடக்க அரை மணி நேரத்துக்கு மேல் போகும். பஜார் வீதியின் இடது பக்கம் முழுக்கச் சாமான் இறக்கும் லொறியும் வேனும். வலது பக்கம், ஒரு பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுபோக ஒரு கார் என்ற கணக்கில் கார்கள். நடுவில் ஏழுமலையின் பஸ்.

ஓட்டத் தொடங்கிய முதல் வாரம் அவர் பழக்க தோஷத்தில் பஜாருக்குள் ஒரு நீளம், இரண்டு குட்டை ஹோர்ன் அடித்துவிட்டார். ஒரு வாகனமும் அசையவில்லை. கருவாட்டுக் கடைக்காரர் மட்டும் வெளியே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

கொன்டக்டர் றம்ஸான் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே, "அண்ணே, இது தோட்டமில்ல. நாம கொழுந்தா ஏத்திட்டு வந்தீக்கிறோம்? ஆளுதானே ஏத்திட்டு வந்தீக்கிறோம்" என்றான்.

பஸ்ஸே சிரித்தது. ஏழுமலையும் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

நாளடைவில் பயணிகளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பாலம் வந்ததும், நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் இறங்கி நடந்தார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் சுகந்தினிதான் முதலில் குதிப்பாள்.

"ஏழுமல மாமா, நாங்க முன்னுக்குப் போறோம். நீங்க பஸ்ஸ தள்ளிக்கிட்டு மெதுவா வாங்க."

"போம்மா, போயி எனக்கும் சேத்து ஒரு டீ சொல்லி வை."

அவர்கள் மழையில் நனைந்து பன்னிரண்டு நிமிடத்தில் நிலையத்துக்குப் போய் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள். முழுத் தூரத்துக்கும் டிக்கட் எடுத்த மனிதர்கள் நடந்து போனால்தான் நேரத்துக்குப் போகலாம் என்ற நிலைமை. நடக்க முடியாதவர்கள் பஸ்ஸிலேயே இருந்தார்கள்: கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், நோயாளிகள். அவர்களில் ஒருத்தி மல்லிகா, ஏழுமலையின் மனைவி.

மல்லிகாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் எட்டரைக்கு இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் அவளுடைய முறை. நான்கு மணி நேரம். பன்னிரண்டரைக்கு அடுத்த நோயாளி அங்கே காத்திருப்பார், அவருக்கும் உயிர்தான். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் மல்லிகாவுக்கு முழு நேரம் கிடைக்கும். தவறினால் ஏழு நாற்பது பஸ். ஒன்பதைத் தாண்டித்தான் போய்ச் சேருவாள். மூன்று மணி நேரம், சில நாள் அதற்கும் குறைவு. அன்று மாலை கால் வீங்கிப் போய், மூச்சு வாங்கிக்கொண்டு வருவாள். வீங்கிய காலோடு பாலத்திலிருந்து அவளால் நடக்க முடியாது. நடக்க முடியாததால் தாமதம், தாமதத்தால் வீக்கம்.

அந்த வருடம் வைகாசியில் முதலாளி சுதாகரன் டெலிபோனில் சொன்னார்: "ஏழுமல, பஜாருக்குள்ள நின்னு நின்னே டீசல் எரியுது. நிலையத்துல டைம்கீப்பரும் ஒவ்வொரு நாளும் பிந்தி வருதுன்னு எழுதுறான். அடுத்த மாசத்துலருந்து பாலத்தோட திருப்பிருவோம். எழுதிக் குடுத்துட்டேன்."

"பாலத்தோட திருப்பினா, நடக்க ஏலாதவங்க என்ன செய்வாங்க மொதலாளி?"

"எனக்கும் வெளங்குது. ஆனா ரோட்ட நான் அகலமாக்க ஏலுமா? பஸ் நேரத்துக்குப் போகும்னு காட்டு, நான் திருப்பல்ல."

சுதாகரன் கெட்டவர் அல்ல. அவர் சொன்னது ஒரு சவால் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஏழுமலை அதைச் சவாலாகவே எடுத்துக்கொண்டார். முப்பது நாள் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு சங்கதி நடந்தது. ஒவ்வொரு நாளும் நடப்பதுதான். அன்றுதான் ஏழுமலை கவனித்தார். பஸ் பஜாரின் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. மல்லிகா முன் சீட்டில் மணிக்கூட்டைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு லொறி வந்தது. கிராமத்துச் சிறு தோட்டக்காரர்களின் கொழுந்தைச் சேர்க்கும் லொறி. "கொழுந்து வருது, கொழுந்து வருது" என்று கடைக்குக் கடை சத்தம் போனது. பொலிஸ்காரர் விசில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். இடது பக்கம் நின்ற வேன்கள் ஒவ்வொன்றாகச் சந்துக்குள் நுழைந்தன. கருவாட்டுக் கடைக்காரர் தன் கூடையைத் தானே உள்ளே இழுத்தார். லொறி, ஓடும் தண்ணீர் மாதிரி இடது பக்கமாகப் போனது.

ஏழுமலை அதன் வாலைப் பிடித்தபடி பஸ்ஸை எடுத்தார். பொலிஸ்காரர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார்.

"நவத்தன்ன, நவத்தன்ன." நிறுத்து என்கிறார்.

"ரால்ஹாமி, லெட்டு இன்னவா" என்றார் ஏழுமலை. பொலிஸ் ஐயா, நோயாளி இருக்கிறார் என்று.

பொலிஸ்காரர் சிரித்தபடி லொறி போன திசையைக் காட்டினார். அது கொழுந்து, தாமதித்தால் பழுதாகிவிடும் என்று விளக்கினார். விளக்கம் சரியானதுதான். அந்த ஊரில் கடைக்காரருக்கும் கிளாக்கருக்கும் பொலிஸ்காரருக்கும் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ தேயிலை உண்டு. கொழுந்து சிவந்தால் எல்லோருக்கும் வலிக்கும். மல்லிகாவின் கால் வீங்கினால் மல்லிகாவுக்கு மட்டும்தான் வலிக்கும். லொறி போன இடத்தை வேன்கள் மறுபடி வந்து மூடிக்கொண்டன.

வழி இல்லை என்று அதுவரை எல்லோரும் சொல்லி வந்தார்கள். ஏழுமலையும் நம்பியிருந்தார். அன்று தன் கண்ணால் பார்த்துவிட்டார்: வழி இருக்கிறது. வேண்டியதற்குத் திறக்கிறார்கள்.

அடுத்த வாரம் அவரும் றம்ஸானும் ஒரு காரியம் செய்தார்கள். ஓய்வு நாளொன்றில் றம்ஸான் பாலத்தடியில் உட்கார்ந்து, ஆறரையிலிருந்து ஏழரை வரை டவுனுக்குள் போன கார், வேன், ஆட்டோ எல்லாவற்றிலும் தலையை எண்ணினான். இருநூற்றுப் பன்னிரண்டு வாகனம். அவற்றில் முந்நூற்று ஒரு பேர். அதே ஒரு மணி நேரத்தில் ஏழு பஸ். அவற்றில் நானூற்று முப்பது பேர். இதைத் தாளில் எழுதி, காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை இடது பக்கத்தைப் பஸ்ஸுக்கு மட்டும் விடும்படி சிங்களத்தில் மனு ஒன்று தயாரித்து நகரசபையில் கொடுத்தார்கள்.

மனுவை ஒரு கூட்டத்தில் எடுத்தார்கள். நகரசபைச் செயலாளர் ஒரு பெண், அமைதியானவர். வர்த்தகர் சங்கத் தலைவர் அப்துல் ரஸாக் ஹாஜியாரும் வந்திருந்தார். பஜாரில் பெரிய மொத்தக் கடை அவருடையது. கொழுந்து சேர்க்கும் ஏஜென்ஸியும் அவருடையதே. அந்த லொறியும் அவருடையதே.

"கடை வாசல்ல லொறி நிக்காட்டிச் சாமான் எப்படி எறக்கிற?" என்றார் ரஸாக். "கொழும்புல பஸ்ஸுக்குத் தனி லேன் போட்டாங்க. அது கொழும்பு. ஆறு லேன் ரோடு. இங்க ஈக்கிறதே ரெண்டு."

"ரெண்டே இருக்கிறதாலதான் கேக்குறோம் மொதலாளி. ஆறு இருந்தா கேக்க மாட்டோம்."

"உங்களுக்கு வாய் நல்லா ஈக்கிது, ஏழுமலை."

செயலாளர் இடையில் புகுந்தார். ஒரு வீதியின் பக்கத்தை ஒதுக்க வேண்டுமென்றால் உபவிதி வேண்டும், மாகாணத்தின் அனுமதி வேண்டும், பொலிஸின் சிபாரிசு வேண்டும். பரிசீலிக்கிறோம் என்றார். பரிசீலனை என்ற சொல்லுக்குள் எத்தனை மாதம் அடங்கும் என்பது ஏழுமலைக்குத் தெரியும். அவருக்கு மிச்சம் பதினேழு நாள்.

அன்று பின்னேரம் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் சொன்னார்: "பஸ்ஸுல கொழுந்து ஏத்தப் போறேன்."

மல்லிகா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தக் கீரையை அவள் சாப்பிடக் கூடாது, அவருக்காக ஆய்ந்தாள். "பைத்தியமா?" என்றாள்.

"இல்ல. கீழ்க் கிராமத்துல குசுமா வீட்டுல சாயங்காலம் பறிச்ச கொழுந்து விடியிற வரைக்கும் திண்டாடிக்கிட்டுக் கெடக்கு. லொறி மத்தியானந்தான் அந்தப் பக்கம் வருது. நான் காலையிலேயே ரெண்டு சாக்க ஏத்தி ரஸாக் மொதலாளி ஸ்டோர்ல எறக்கிடுறேன்னு சொல்லிட்டேன். பொய் ஒண்ணுமில்ல. நெசக் கொழுந்து. ரால்ஹாமிகிட்ட கொழுந்து இருக்குன்னு சொல்லுவோம். வழி விடுறாரா பாப்போம்."

மல்லிகா கீரை ஆய்வதை நிறுத்தினாள். இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவள் அவள். மடுவத்தில் நிறுவையில் சந்தேகம் வந்தால் பெண்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை என்ன கத்தினாலும், கொழுந்துச் சாக்கை நிறுத்த அதே தராசில் வெறுஞ் சாக்கையும் தொங்கவிடச் சொல்வார்கள். இரண்டையும் பார்த்தால்தான் தராசின் திருட்டு தெரியும்.

"எல்லா நாளும் ஏத்த வேணாம்" என்றாள். "ஒரு நா ஏத்துங்க, ஒரு நா ஏத்தாம போங்க. எல்லா நாளும் ஏத்தினா, இந்தக் கிழம ரோடு தானாவே லேசா இருந்துச்சும்பாங்க. வெறுஞ் சாக்கையும் தொங்கவிட்டுக் காட்டணும்."

ஏழுமலை விரல் விட்டு எண்ணினார். "திங்க, புதன், வெள்ளி ஏத்துறேன். செவ்வா, வியாழன் ஏத்தல்ல." சொல்லிவிட்டு நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை அவளுடைய ஆஸ்பத்திரி நாள். "இல்ல. செவ்வா ஏத்துவோம். திங்கக்கிழம விட்டுடுவோம்."

"திங்கள்லேருந்து மாத்தி மாத்தித்தான் போகணும். எனக்காக நாள மாத்தினீங்கன்னா, பொஞ்சாதி போற நாளா பாத்து ஏத்தினான்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க."

"ஒரு மணி நேரம் கொறையும், மல்லிகா."

"இத்தன வருசமா யாரு கேட்டுக் கொறச்சாங்க? இந்த ஒரு செவ்வாக்கிழம நானா கொறச்சுக்கிறேன்."

திங்கட்கிழமை காலை குசுமா இரண்டு சாக்கைப் பாதையோரம் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டும் சேர்த்து முப்பத்தெட்டுக் கிலோ. றம்ஸான் அவற்றை முன் கண்ணாடிக்குப் பக்கத்தில், வெளியே தெரிகிற மாதிரி, மாப்பிள்ளை மாதிரி உட்காரவைத்தான். பாலம் வந்தது. சுகந்தினியும் கூட்டமும் வழக்கம்போல இறங்கி நடந்தார்கள்.

ஏழுமலை ஹோர்னில் கை வைத்தார். ஒரு நீளம், இரண்டு குட்டை.

றம்ஸான் தலையை நீட்டி, "ரால்ஹாமி, தளு தியனவா" என்று கூவினான். கொழுந்து இருக்கிறது என்று.

பொலிஸ்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சாக்கின் வாயில் பச்சை தெரிந்தது. பழகிய கை தானாக மேலே போனது. விசில் அடித்தது. வேன்கள் சந்துக்குள் நுழைந்தன. "கொழுந்து வருது" என்று கடைக்குக் கடை சத்தம் போனது. கருவாட்டுக் கடைக்காரர் கூடையை இழுத்தார். பஸ்ஸைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

ஆறு நிமிடம்.

நடந்து போன சுகந்தினியைப் பஸ் பஜாரின் நடுவில் முந்தியது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் தலையை நீட்டினார்கள். "சுகந்தினி, மெதுவா வாம்மா. டீ ஆறிப் போகாம பாத்துக்கிறோம்" என்றார் ஏழுமலை. அவள் குடையை மடக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாக்கு இல்லை. மல்லிகா முன் சீட்டில் இருந்தாள். பாலத்திலிருந்து நிலையம் முப்பத்தாறு நிமிடம். ஏழு மணி பஸ் போய்விட்டது. பஜாரின் நடுவில், ரஸாக்கின் மொத்தக் கடைக்கு முன்னால் பஸ் பதினொரு நிமிடம் அசையாமல் நின்றபோது றம்ஸான் தாங்க முடியாமல் சொன்னான்: "அக்கா, பின்னுக்கு ஒரு வெறுஞ் சாக்கு ஈக்கிது. அதுக்குள்ள கந்தல் துணியப் போட்டுக் காட்டட்டா?"

"வேணாம் தம்பி" என்றாள் மல்லிகா. "பொய்ச் சாக்கு வச்சா, நேத்து வச்சதும் பொய்யாயிரும்."

அன்று இயந்திரத்தில் அவளுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. மாலையில் ஏழுமலை அவளை நிலையத்தில் ஏற்றிக்கொண்டபோது, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். வீங்கிய பாதம் செருப்புக்குள் போகவில்லை. தோட்டத்து வளைவில் பஸ் திரும்பும்போது, "எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதிட்டேன். முப்பத்தாறு."

புதன் சாக்கு, ஏழு நிமிடம். வியாழன் வெறும் பஸ், முப்பத்துமூன்று. வெள்ளி சாக்கு, ஆறு. வெள்ளிக்கிழமை மல்லிகா ஏழு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து கையைக் காட்டிப் போனாள்.

சனிக்கிழமை கடிதம் வந்தது. பயணிகள் பஸ்ஸில் அனுமதியில்லாமல் சரக்கு ஏற்றியதாகப் பொலிஸில் ஒரு முறைப்பாடு; விளக்கம் தரும்படி திங்கட்கிழமை பத்து மணிக்கு நகரசபைக்கு வரவேண்டும். சுதாகரன் பதறிப்போய் டெலிபோன் எடுத்தார்.

"என்ன ஏழுமல, பேர்மிட்டக் கிழிச்சுடுவ போலிருக்கே?"

"நீங்கதானே மொதலாளி நேரத்துக்குப் போகும்னு காட்டச் சொன்னீங்க. காட்டிட்டேன். வந்து பாருங்க."

திங்கட்கிழமை அதே மேசை. செயலாளர், ரஸாக், விசில் அடித்த பொலிஸ்காரர், அவருடைய சார்ஜன்ட், ஓரத்தில் சுதாகரன். பேச்சு சிங்களத்தில் நடந்தது. ஏழுமலைக்கு அது தாய்மொழி மாதிரி. சார்ஜன்ட் குற்றத்தை வாசித்தார்: இரண்டு சாக்கு, மூன்று நாள்.

"ஏற்றினேன்" என்றார் ஏழுமலை. "மறுக்கவில்லை. தண்டம் இருந்தால் கட்டுகிறேன். ஆனால் இதையும் வாசியுங்கள்." டிக்கட் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிய ஐந்து எண்களை மேசையில் வைத்தார். ஆறு, முப்பத்தாறு, ஏழு, முப்பத்துமூன்று, ஆறு. பக்கத்தில் நிலையத்து டைம்கீப்பரின் கையெழுத்து ஐந்து இடத்தில்.

செயலாளர் எண்களைப் பார்த்தார். நிமிர்ந்து பொலிஸ்காரரைப் பார்த்தார். "இந்த மூன்று நாளும் ஏன் வழிவிட்டீர்கள்?"

"கொழுந்து, மெடம்" என்றார் பொலிஸ்காரர் சங்கடத்தோடு. "கொழுந்துக்கு எப்போதும் விடுவோம்."

"மற்ற இரண்டு நாளும்?"

"அன்றைக்கு ஆள் மட்டும்தானே இருந்தது."

சொன்ன பிறகுதான் அவர் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டார். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஏழுமலை லைசன்ஸ் உறையிலிருந்து மங்கிப்போன ஒரு கடிதத்தை எடுத்து எண்களுக்குப் பக்கத்தில் விரித்தார். கொழுந்து லொறியில் ஆள் ஏற்றியதற்கு வந்த எச்சரிக்கை. "மெடம், கொழுந்து வண்டியில் ஆளை ஏற்றினேன், குற்றம் என்றார்கள். ஆள் வண்டியில் கொழுந்தை ஏற்றினேன், அதுவும் குற்றம் என்கிறார்கள். முப்பத்தெட்டுக் கிலோ கொழுந்துக்கு ஆறு நிமிடத்தில் திறக்கிற ரோடு, என் பஸ்ஸில் வருகிற அறுபத்துநான்கு பேருக்கு ஏன் திறக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். நான் போய்விடுகிறேன்."

செயலாளர் கிளாக்கரைக் கூப்பிட்டார். கொழுந்து லொறிக்கு வழிவிடச் சொல்லி எந்த வருடம் தீர்மானம் எடுத்தது, கோப்பைக் கொண்டுவாருங்கள் என்றார். கிளாக்கர் போனார். கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். அப்படி ஒரு தீர்மானம் இல்லை. உபவிதி இல்லை. மாகாண அனுமதி இல்லை. கொழுந்துக்கு யாரும் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை. மனிதருக்குத்தான் மூன்று அனுமதி தேவைப்பட்டது.

ரஸாக் நாற்காலியில் அசைந்தார். தமிழுக்கு மாறினார். "நான் பொய் சொல்ல ஏலா. அந்த மூணு நாளும் கொழுந்து பச்சப் பசேல்னுதான் வந்திச்சி. என்ட லொறி கொண்டு வார கொழுந்த விட நல்லா இருந்திச்சி. ஆனா ஏழுமலை, மனசத் தொட்டுச் சொல்லுங்க. இதெல்லாம் உங்கட பொஞ்சாதிக்காகத்தானே?"

சுதாகரன் தலையைக் குனிந்துகொண்டார். றம்ஸான் கதவடியில் நின்று பல்லைக் கடித்தான்.

"ஆமாங்க மொதலாளி" என்றார் ஏழுமலை. "அவளும் அறுபத்துநாலு பேருல ஒருத்தி. மிச்சம் அறுபத்துமூணு பேரு யாருக்காக அப்படின்னும் கேளுங்க. உங்க கடையில வேல செய்யிற ரெண்டு புள்ளைங்களும் அதுலதான் இருக்கு. உங்க பொஞ்சாதிக்கு வருத்தம், நோய் வந்தா நீங்க கார்ல போவீங்க. அப்பவும் இந்த ரோட்டுலதான் நிப்பீங்க."

ரஸாக் பெரிய கடை நடத்துகிறவர். எண்களைப் பார்த்தால் அவருக்கு விளங்கும். மேசையிலிருந்த டிக்கட் புத்தகத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "செவ்வாக்கிழம ஏன் சாக்கு ஏத்தல்ல? அண்டைக்குத்தானே அவங்க ஆஸ்பத்திரிக்குப் போற."

"அவதான் ஏத்த வேணாம்னா."

"ஏன்?"

"வெறுஞ் சாக்கையும் நிறுத்துக் காட்டணும்னு சொன்னா."

ரஸாக்கும் தராசு பிடித்து வளர்ந்தவர். புத்தகத்தை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு செயலாளரைப் பார்த்துச் சிங்களத்தில், லொறிகளை ஆறரைக்கு முன்னால் இறக்கிக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் ஒரு மாதத்துக்கு மட்டும். யாவாரம் விழுந்தால் சங்கம் மறுபடி வந்து நிற்கும் என்றார்.

"ஒரு மாதம் பரீட்சார்த்தமாக" என்று செயலாளர் எழுதிக்கொண்டார். "ஆறரையிலிருந்து ஏழரை வரை இடது பக்கம் பஸ்ஸுக்கு. கொழுந்து லொறியும் அதில் போகலாம்."

"போகட்டும் மெடம்" என்றார் ஏழுமலை. "கொழுந்தோடு எங்களுக்குச் சண்டை இல்லை."

சரக்கு ஏற்றியதற்கு ஒரு சிறு தண்டம் விதித்தார்கள். அவர் அதைக் கட்டி, ரசீதுத் துண்டையும் அந்த உறைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் சுதாகரன், "சரி, ஒரு மாசம் நான் திருப்பல்ல. அதுக்குப் பெறகு நம்பரக் காட்டு" என்றார். யாரும் கைகுலுக்கவில்லை. ஏழுமலைக்குப் பதினொன்றரை மணி ட்ரிப் இருந்தது.

பரீட்சார்த்தம் அடுத்த செவ்வாய்க்கிழமை தொடங்கியது. பாலத்தில் பஸ் நின்றதும், எழும்பிப் பழகிய கூட்டம் எழும்பியது.

"உக்காருங்க" என்றாள் சுகந்தினி மற்றவர்களைப் பார்த்து. "இன்னைக்கு நடக்குற ஆளுக்கு டீ கெடையாது."

இடது பக்கம் திறந்து கிடந்தது. கருவாட்டுக் கடைக்கு முன்னால் கூடை இல்லை. பாதித் தூரத்தில் ஒரு வேன் மட்டும் நின்றது, அரிசி மூட்டை இறக்கிக்கொண்டு. அது ரஸாக்கின் கடை வாசல். பொலிஸ்காரர் இன்னும் தூரத்தில் இருந்தார். பஸ்ஸுக்குள் சத்தம் நின்றது. மல்லிகா கண்ணை மூடவில்லை. மணிக்கூட்டை நேராகப் பார்த்தாள். ஆறு ஐம்பது.

ஏழுமலை ஹோர்னில் கை வைத்தார். ஒரு நீளம், இரண்டு குட்டை. முதல் வாரம் பஸ்ஸே சிரித்த அதே ஹோர்ன்.

ரஸாக் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். பஸ்ஸைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். முகம் கோணியது. தனக்கே பிடிக்காத வேலையைச் செய்கிறவர் மாதிரி வேனின் பக்கத்தில் ஓங்கி அடித்தார்.

"எடு, எடு வேன. கண் தெரியாதா? ஆள் வருது."

வேன் அரிசி மூட்டையோடு சந்துக்குள் நுழைந்தது.

எட்டு நிமிடத்தில் நிலையம். ஏழு மணி பஸ் எஞ்சின் ஓடியபடி நின்றது. மல்லிகா ஒவ்வொரு படியாக இறங்கி அதில் ஏறினாள். ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். "எத்தன?"

"எட்டு. அந்த வேன் இல்லாட்டி ஆறு."

"வேனையும் சேத்து எழுதுங்க" என்றாள். "எட்டுன்னே எழுதுங்க."

பஸ் புறப்பட்டது. ஏழுமலை டிக்கட் புத்தகத்தின் புதிய அட்டையில் தேதியைப் போட்டு எட்டு என்று எழுதி, டைம்கீப்பரிடம் கையெழுத்து வாங்கினார். கீழே மிச்ச நாட்களுக்கு இன்னும் இருபத்தொன்பது கோடுகளைப் போட்டு வைத்துவிட்டு, மலைக்குத் திரும்பும் ட்ரிப்புக்குப் பஸ்ஸை எடுத்தார்.